பன்றியை எந்த ராஜாவாவது சின்னமாக வைப்பானா?

வால்நட்சத்திரம்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, கடைசியில் இங்கிலாந்தில் ஏதோ வயலில் கிடைத்த வெள்ளிப் பன்றியில் போய் நின்றேன். மூன்றாம் ரிச்சர்ட் ராஜாவின் சின்னமாம். சிங்கம் வைத்தால் வீரம், கழுகு வைத்தால் அதிகாரம், அது புரிகிறது. பன்றி எதற்கு? எதிரிகள் கிண்டல் செய்ய மாட்டார்களா? எந்த மிருகத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் எங்காவது இருந்தால் கொடுங்கள்.

ஈயக்குண்டு:
பட்டியல் நிறைய இருக்கிறது, ஒன்றையும் நம்பாதீர்கள். வாய்ப்பாடு மாதிரி 'சிங்கம் வீரம், நரி தந்திரம்' என்று எழுதி வைத்ததில் பெரும்பகுதி பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து சேர்த்தது. நீங்கள் பார்த்த பன்றியை உடையில் குத்திக்கொண்டு போனவனிடம் யாரும் 'உன் பன்றிக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டிருக்க மாட்டார்கள். 'நீ யாருடைய ஆள்' என்பதுதான் அங்கே கேள்வி, பன்றிதான் பதில். நம் ஊரில் வேட்டிக் கரையைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இதில் இரண்டு சமாச்சாரம் கலந்துபோகிறது. கேடயத்தில் வருவது ஒன்று, அது பிரபுவுக்கும் அவன் வாரிசுக்கும் மட்டும் சொந்தம், வேலைக்காரன் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. இன்னொன்று பேட்ஜ். அது பிரபு தன் ஆட்களுக்குக் கொடுப்பது. ரிச்சர்டின் கேடயத்தில் பன்றியே கிடையாது, இங்கிலாந்து அரசர்களுக்கு உரிய சிங்கங்களும் பிரான்ஸின் லில்லிப் பூக்களும்தான் உண்டு. பன்றி பேட்ஜ் மட்டும். 1483-இல் மகனை வேல்ஸ் இளவரசனாக்கும் விழாவுக்கு யார்க் நகரத்தில் இருந்துகொண்டு அவன் ஆர்டர் போட்டது 13,000 பன்றிகள். துணியில் செய்தவை. பதின்மூன்றாயிரம்! விழாவுக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் குத்திவிட்டால் ஊரே பன்றிமயமாக இருந்திருக்கும்.

துணிப் பன்றி ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலோகத்தில் செய்தவை மட்டும் மண்ணுக்குள் கிடந்து கைக்கு வருகின்றன. நீங்கள் பார்த்தது 2009-இல் பாஸ்வொர்த் பக்கத்தில் கிடைத்ததாக இருக்கும், வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. பாஸ்வொர்த் சண்டை 1485 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, ரிச்சர்ட் செத்தது அங்கேதான். ரொம்ப நாளாக ஆம்பியன் குன்றுதான் போர்க்களம் என்று சொல்லி அங்கே பார்வையாளர் மையமெல்லாம் கட்டிவிட்டார்கள். அப்புறம் உலோகங்காட்டிக் கருவியை வைத்து வரப்பு வரப்பாகத் தேடினால், தென்மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஈயக் குண்டுகள் கிடைக்கின்றன, கூடவே இந்தப் பன்றி. வெள்ளியில் முலாம் பூசிய பன்றி சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைக்காது. ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்ற எவனோ ஒருவனுடையது. சண்டை எங்கே முற்றியது என்று ஆயிரம் பக்கம் எழுதியும் தீராத விவாதத்தில் இந்தச் சின்னப் பன்றியும் ஒரு சாட்சி.

குறுக்குக்கேள்வி:
கிண்டல் செய்ய மாட்டார்களா என்று கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செய்தார்கள். 1484-இல் வில்லியம் காலிங்போர்ன் என்பவர் லண்டன் செயின்ட் பால் தேவாலயக் கதவில் இரண்டு வரிப் பாட்டு எழுதி ஒட்டினார். பூனையும் எலியும் நம்ம நாய் லவலும் சேர்ந்து ஒரு பன்றியின் கீழ் இங்கிலாந்தை ஆளுகிறார்களாம். மூன்று பேரும் ரிச்சர்டின் நெருங்கிய ஆட்கள். பூனை கேட்ஸ்பி, எலி ராட்க்ளிஃப், இரண்டும் பெயரைப் பிடித்து அடித்த அடி. நாய் லவல் பிரபு, ஏனென்றால் அவர் பேட்ஜ் ஓநாய். பன்றி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காலிங்போர்னைத் தூக்கில் போட்டு உடலைக் கூறுபோட்டார்கள். பாட்டுக்காக மட்டும் இல்லை, பின்னால் பாஸ்வொர்த்தில் ரிச்சர்டை ஜெயித்த ஹென்றி டியூடரோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

மீனாட்சி72:
லவலுக்கு ஏன் ஓநாய்?

ஈயக்குண்டு:
பெயர் விளையாட்டு மேடம். லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய், லூபெல்லஸ் என்றால் குட்டி ஓநாய், லவல் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நாம் ஆகா ஓகோ என்று தத்துவம் தேடுகிற பாதி மிருகங்கள் இந்த மாதிரி சிலேடைதான். லூசி குடும்பத்துக் கேடயத்தில் மூன்று மீன், அந்த மீனுக்குப் பழைய ஆங்கிலப் பெயர் லூஸ். கார்பெட் குடும்பத்துக்கு அண்டங்காக்கை, பிரெஞ்சில் காக்கை கார்போ. கார்ன்வால் பக்கத்து அருண்டெல் குடும்பத்துக்குத் தகைவிலான் குருவி, பிரெஞ்சில் அது இராந்தெல். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவான், கேடயத்துக்கு அதுதானே வேலை.

பன்றிக்கும் அப்படி ஒரு விளக்கம் உண்டு. யார்க் நகரத்தின் லத்தீன் பெயர் எபோராக்கும், சுருக்கினால் எபோர். ஆங்கிலத்தில் காட்டுப்பன்றிக்குப் பெயர் 'போர்' (boar). எபோர், போர், காதில் ஒட்டிக்கொள்கிறது அல்லவா, யார்க் வம்சத்துக்காரன் இதை விடுவானா என்று சொல்கிறார்கள். விளக்கம் நன்றாக இருக்கிறது, ரிச்சர்டே சொன்னதாக எதுவும் இல்லை.

வால்நட்சத்திரம்:
அப்போ சிம்பாலிசம் என்று ஒன்றுமே இல்லை என்கிறீர்களா? எனக்கு ஒப்பவில்லை.

குறுக்குக்கேள்வி:
எனக்கும்தான். ஈயக்குண்டு எல்லாவற்றையும் கரை வேட்டியாக்கிவிட்டார். பர்கண்டி டியூக் நல்ல பிலிப் 1430-இல் புரூஜ் நகரத்தில் தங்க ஆட்டுத்தோல் சங்கத்தை ஆரம்பித்தார். உறுப்பினர் கழுத்தில் தங்க மாலை, நெருப்பு தட்டுகிற இரும்பும் சிக்கிமுக்கிக் கல்லும் மாறி மாறி வரும், நடுவில் ஓர் ஆட்டுத்தோல் தொங்கும். தலையும் காலும் துவள, இடுப்பில் கட்டித் தூக்கிய மாதிரி. கறிக்கடைக் கொக்கியில் தொங்குவதைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும், அத்தனை இயல்பான வேலை. இது யாருடைய தோல் என்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கிரேக்கக் கதையில் ஜேசன் தேடிப் போனானே அந்தத் தோல் என்றால், ஜேசன் சொன்ன சொல் மாறி மெதியாவைக் கைவிட்டவன், விசுவாசத்துக்காக ஆரம்பித்த சங்கத்துக்கு அவனா முன்மாதிரி? அதனால் சங்கத்தின் சான்சலராக இருந்த பாதிரியார், இது பைபிளில் கிதியோன் பனி இறங்கச் சொல்லிக் கடவுளைச் சோதித்த ஆட்டுத்தோல் என்று ஆளை மாற்றினார். பொருள் முக்கியமில்லை என்றால் ஏன் இத்தனை பாடு?

ஈயக்குண்டு:
நீங்கள் சொன்ன கதையே எனக்குத்தான் சாட்சி. முதலில் தோலைத் தொங்கவிட்டார்கள், அர்த்தத்தை அப்புறம் தேடினார்கள், பிடிக்கவில்லை என்றதும் வேறு அர்த்தம் மாட்டினார்கள். தோல் அப்படியே இருந்தது. சங்கத்துக்காரர் செத்தால் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியையும் பாருங்கள். நகை அவனுடையது இல்லை, அவன்தான் நகைக்காரனுடைய ஆள்.

லண்டன்மழை:
சண்டையை நிறுத்துங்கள், ஒரு அன்னம் காட்டுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் டன்ஸ்டபிள் அன்னம் என்று ஒரு நகை இருக்கிறது. 1965-இல் பெட்ஃபர்ட்ஷயரில் டன்ஸ்டபிள் ஊரில் பழைய துறவி மடம் இருந்த இடத்தைத் தோண்டும்போது கிடைத்தது. காலம் 1400 வாக்கில். நான் முதல் தடவை போனபோது கண்டுபிடிக்கவே முடியவில்லை, ஏதோ அரை அடி உயரமாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன். மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை! உள்ளே தங்கம், மேலே முழுக்க வெள்ளை எனாமல். கழுத்தில் தங்கக் கிரீடம் மாதிரி ஒரு பட்டை, லில்லிப் பூ முனைகளோடு. அதிலிருந்து குட்டித் தங்கச் சங்கிலி தொங்கும். பின்பக்கம் ஊசி உண்டு, அப்படியே துணியில் குத்திக்கொள்ளலாம். காலில் கறுப்பு எனாமல் கொஞ்சம் மிச்சம். எனாமல் உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கிற தங்கம் தெரிகிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

குறுக்குக்கேள்வி சொன்னதற்கும் இதில் இடம் இருக்கிறது. அன்னம் போஹன் என்ற இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தின் பேட்ஜ். அன்னம் இழுத்த படகில் வந்த வீரன் ஒருவன் கதை அந்தக் காலத்தில் பிரபலம், சிலுவைப் போர்த் தலைவர் புய்யோன் காட்ஃப்ரே அந்த வீரனின் பேரன் என்றே நம்பினார்கள், பல குடும்பங்கள் நாங்களும் அந்த வம்சம்தான் என்று சொல்லிக்கொண்டன, போஹன்களும் அதில் அடக்கம். மேரி டி போஹன் கல்யாணம் செய்துகொண்டது பின்னால் நான்காம் ஹென்றியான போலிங்புரோக் ஹென்றியை, அந்த வழியில் அன்னம் லங்காஸ்டர் அரச வம்சத்துக்குப் போய், அவர்கள் மகன் இளவரசன் ஹென்றியின் பேட்ஜ் ஆனது. 1459-இல்கூட ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் ராணி தன் பையன் பெயரில் செஷயர்க்காரர்களுக்கு அன்னம் விநியோகம் செய்திருக்கிறார். ஆக கதையும் உண்டு, கட்சியும் உண்டு.

பட்டறைத்தம்பி:
ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அப்பா பத்தர், நானும் பட்டறையில்தான் இருக்கிறேன், அதனால் மிருகத்துக்கு என்ன பொருள் என்பதைவிட அதை எப்படிச் செய்தான் என்பதில்தான் எனக்குக் கண்.

எனாமல் என்பது கண்ணாடித் தூள், சாயம் இல்லை. உலோகத்தின் மேல் வைத்து உலையில் 700, 800 டிகிரியில் உருக்கி ஒட்டவைப்பது. தட்டையான தகடு என்றால் ஒருமாதிரி சமாளிக்கலாம், தூள் வைத்த இடத்தில் நிற்கும். அன்னம் மாதிரி உருண்டையான உருவத்தில், அடிவயிற்றிலும் கழுத்து வளைவிலும் தூள் எப்படி நிற்கும்? தங்கத்தின் மேற்பரப்பைக் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கிப் பிடிமானம் கொடுப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பூசித் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் விட்டால் அத்தனை வேலையும் போச்சு. அந்த வெள்ளை நிறம் வெள்ளீயச் சாம்பல் சேர்த்து வருவது. 1400-ஐ ஒட்டிப் பாரிஸ் பட்டறைகள் இந்த வேலைக்குப் பேர் போனவை. அந்த ராஜாக்கள் வெள்ளை மான், வெள்ளை அன்னம் என்று வெள்ளையாகவே வைத்துக்கொண்டதில் எனாமல் வேலைக்காரனுக்கும் கொஞ்சம் பங்கு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், அடிக்க வராதீர்கள்.

செம்பு வேலை வேறு மாதிரி. குதிரைச் சேணத்தில் மாட்டுகிற குட்டிப் பதக்கங்கள் இங்கிலாந்து வயல்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டு. கேடய வடிவத்தில், மேலே ஒரு வளையத்தோடு இருக்கும். சிவப்புத் தரையில் தங்கச் சிங்கம் வேண்டும் என்றால் எப்படிச் செய்வீர்கள்? சிங்கத்தைச் செய்து ஒட்ட மாட்டான். சிங்கத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள செம்பைத் தோண்டி எடுப்பான், குழியில் சிவப்புத் தூளை நிரப்பிச் சுடுவான், கல்லில் தேய்த்து மட்டமாக்குவான், மிச்சம் நிற்கிற செம்புக்குத் தங்க முலாம். இவ்வளவுதான் சிங்கம்: தோண்டாமல் விட்ட இடம்!

ஈயக்குண்டு:
அருமை தம்பி. இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?

இதிலேயே அந்தப் பதக்கங்களைப் படிக்கிறவர்களின் தலைவலியும் இருக்கிறது. 600, 700 வருஷம் உழுத வயலில் கிடந்து எனாமலும் முலாமும் போய்விட்டால் கையில் இருப்பது பச்சை பிடித்த செம்பில் பின்னங்காலில் நிற்கிற ஒரு சிங்கம். நிறம் தெரியாது. சிங்கம் வைத்த குடும்பங்கள் எத்தனையோ, ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவதே நிறம்தான். நிறம் போனால் ஆள் போனான்.

நிறம் தங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வில்லியம் டி வாலன்ஸ் கல்லறை. 1296-இல் செத்தவர். மரத்தில் ஆள் உருவம், மேலே செம்புத் தகடு, பிரான்ஸின் லிமோஜ் ஊர் எனாமல். வெள்ளியும் நீலமுமாகப் பட்டைகள், ஓரத்தைச் சுற்றிச் சிவப்புக் குருவிகள், அதுதான் அவர் குடும்பச் சின்னம். அதே பட்டையும் குருவியும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு சின்னப் பெட்டியின் மேலும் இருக்கிறது. அங்கே குருவி ஒன்றைப் பிடித்தால் போதும், பெட்டி எந்த வீட்டுக்காரர்களைச் சுற்றி வந்தது என்று தெரிந்துவிடும்.

மீனாட்சி72:
எனக்கு ஒரு பழைய சந்தேகம். இங்கிலாந்தின் மூன்று சிங்கத்தைச் சில புத்தகங்களில் சிறுத்தை என்று எழுதுகிறார்களே. எழுதினவருக்குச் சிங்கம் தெரியாதா, வரைந்தவருக்கா?

குறுக்குக்கேள்வி:
இரண்டு பேருக்கும் தெரியும் மேடம், இது கேடய மொழியின் இலக்கணம். சிங்கம் என்றால் பின்னங்காலில் எழுந்து நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அதே மிருகம் நடந்துகொண்டே முகத்தை உங்கள் பக்கம் திருப்பினால் பிரெஞ்சுக்காரர் வாயில் அது சிறுத்தை. தோலில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. முதலாம் ரிச்சர்ட் 1189-இல் போட்ட முத்திரையில் எழுந்து நிற்கிற சிங்கம், 1198-இல் வந்த அடுத்த முத்திரையில்தான் இன்று ஃபுட்பால் சட்டையில் பார்க்கிற மூன்றும் வருகின்றன.

அதற்கும் முன்னால் போக வேண்டும் என்றால் பிரான்ஸில் லெ மான் நகரத்தில் இருக்கிற எனாமல் தகடு. முதலாம் ரிச்சர்டின் தாத்தா, ஆஞ்சூ ஜெஃப்ரி, நீலக் கேடயத்தில் தங்கச் சிங்கங்களோடு நிற்கிறார், குல்லாவிலும் ஒரு சிங்கம். அறுபது சென்டிமீட்டருக்கு மேல் உயரம், அந்தக் காலத்து எனாமலுக்கு அது ராட்சச அளவு. அவர் இறந்தது 1151-இல், தகடு அதை ஒட்டிச் செய்தது. பேரன் வில்லியம் லாங்ஸ்பீ 1226-இல் இறந்தபோது சாலிஸ்பரி கல்லறையில் அதே சிங்கங்கள். தாத்தாவின் மிருகம் பேரனுக்கு வந்துவிட்டது பாருங்கள், அதனால்தான் கேடயச் சின்னத்தின் வரலாற்றை இந்தத் தகட்டில் ஆரம்பிக்கிறார்கள்.

வால்நட்சத்திரம்:
அது சரி, கட்சி மாறினால் பேட்ஜை என்ன செய்வார்கள்?

ஈயக்குண்டு:
கழற்றிவிடுவார்கள், இல்லை யாராவது பிடுங்குவார்கள். 1377-இல் லண்டன்காரர்களுக்கு ராஜாவின் மகன் ஜான் ஆஃப் கான்ட் மேல் கோபம். அவர் பேட்ஜைப் போட்டுக்கொண்டு தெருவில் குதிரையில் திமிராகப் போன ஒரு நைட் வீரனைக் கீழே இழுத்துப்போட்டுப் பிடுங்கினார்கள், மற்றவர்கள் சத்தம் போடாமல் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். இரண்டாம் ரிச்சர்டின் வெள்ளை மானை 1390-இல் ஸ்மித்ஃபீல்ட் போட்டி விளையாட்டின்போது விநியோகித்தார்கள். ஒன்பது வருஷத்தில் ராஜாவே கைதி, மான் போட்டவன் எல்லாம் கழற்றுகிறான். ஜெனிகோ டார்டாஸ் என்று காஸ்கனி நாட்டு வீரன் ஒருவன் மட்டும் கழற்ற மாட்டேன் என்று நின்று ஜெயிலுக்குப் போனான். ஜெயித்த நான்காம் ஹென்றி முதல் வேலையாக நாடாளுமன்றத்தில் பிரபுக்கள் பேட்ஜ் கொடுப்பதற்குத் தடை கொண்டுவந்தார், ராஜாவுக்கு மட்டும் விலக்கு. வேறு என்ன செய்வார்!

பாஸ்வொர்த்துக்குப் பிறகு வெள்ளைப் பன்றி என்று பெயர் வைத்த சத்திரங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகையில் நீலம் பூசிக்கொண்டன என்று ஒரு கதை சொல்வார்கள். நீலப் பன்றி ஜெயித்த பக்கத்து ஆக்ஸ்ஃபர்ட் பிரபுவின் பேட்ஜ். நடந்ததோ இல்லையோ, ஒரு டப்பா பெயின்ட்டில் கட்சி மாறலாம் என்றால் நான்கூட மாறியிருப்பேன்.

லண்டன்மழை:
மானைப் பார்க்க ஆசை இருந்தால் நேஷனல் கேலரியில் வில்டன் டிப்டிக் என்ற இரட்டைப் பலகை ஓவியத்தைப் பாருங்கள். ரிச்சர்ட் ராஜா மார்பில் மான் பேட்ஜ், கொம்பு முனைகளில் முத்து. எதிர்ப்பக்கம் மேரி மாதாவைச் சுற்றி நிற்கிற தேவதைகள் எல்லோரும் அதே மானைக் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். சொர்க்கத்திலும் நம்ம ஆட்கள்தான் என்கிறான்.

குறுக்குக்கேள்வி:
கரை வேட்டி கட்டிய தேவதைகள். சரி, இந்த ஒரு இடத்தில் ஈயக்குண்டு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைத்தம்பி:
ஒரு சொந்தக் கதை. போன வருஷம் ஒரு வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் 'ஒரிஜினல் 15-ஆம் நூற்றாண்டுப் பன்றி பேட்ஜ்' என்று ஈயத்தில் ஒன்று வாங்கினேன், விலையைச் சொன்னால் வீட்டில் உதைப்பார்கள். வந்ததும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிடரி மயிர் மழுங்கிப்போய், சந்துகளில் எல்லாம் குட்டிக் குட்டி உருண்டைகள். ரப்பர் அச்சில் காற்றுக் குமிழி நின்றால் வருவது அது, எங்கள் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் கல்லில் தலைகீழாகச் செதுக்கி அதில் ஈயத்தை ஊற்றினார்கள், கல் அச்சில் கோடு கத்தி மாதிரி விழும். பின்பக்கத்து ஊசியும் நேற்று கடையில் வாங்கினது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதிலே இல்லை. இப்போது பட்டறைச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

மீனாட்சி72:
நீங்களும் ரிச்சர்டின் ஆளாகிவிட்டீர்கள் தம்பி.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. பையன் அங்கே படித்தபோது போய்ப் பார்த்தது, குளோஸ்டர்ஷயரில் டீர்ஹர்ஸ்ட் என்று ஒரு சின்ன ஊர்த் தேவாலயம். தரையில் பித்தளைத் தகட்டில் நீதிபதி ஜான் காஸியும் மனைவி ஆலிஸும், காலம் 1400. அவர் காலடியில் சிங்கம். அந்த அம்மாள் காலடியில் ஒரு குட்டி நாய், கழுத்தில் மணிகள் கோத்த பட்டை, முகத்தைத் தூக்கி அவரைப் பார்க்கிறது. பக்கத்தில் ஏதோ எழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. அது எந்தக் குடும்பத்துச் சின்னம்?

ஈயக்குண்டு:
எந்தக் குடும்பமும் இல்லை மேடம். அந்த எழுத்து 'டெர்ரி'. நாயின் பெயர்.